வலப்பக்கத்தால் இறங்கியவர்

சிங்கப்பூர், சிராங்கூன் சாலை
9-3-1926

அன்புமிக்க அக்காவுக்குத் தம்பி பசுபதி வணக்கமாய் எழுதுவது.

எனக்கு உடம்பு தேறி வருகிறது. நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் இருக்கிறீர்கள் என்று அடுத்த தபாலில் கண்டால் பாதி மருந்து குடித்தமாதிரி.

"தேறி வருகிறது" என்று எழுதியதைப் பார்த்து நெஞ்சில் கைவைக்க வேண்டாம். சின்ன விபத்து. போன மாதம் இருபத்தோராம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, என் மோட்டார் சைக்கிளில் சுண்ணாம்புக் கம்பத்துப் பக்கமாய்ப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று குறுக்கே திரும்பியது. நான் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்த கார் குறைக்கவில்லை. சைக்கிளின் பின்சில்லு முறுக்குப்போல வளைந்துவிட்டது. எனக்கு இடக்கால் முழங்காலுக்குக் கீழே முறிவு. ஆசுபத்திரியில் நல்ல கவனிப்பு. வைகாசிக்குள் எழுந்து நடப்பேன் என்கிறார் டாக்டர்.

காருக்குச் சொந்தக்காரர் ஹார்லண்ட் துரை. இங்கே ஒரு ரப்பர் கந்தோரின் மனேஜர். என்னுடைய சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லை. ஆனால் அவருடைய காருக்கு இருக்கிறது. வருடாவருடம் ஒரு தொகை கட்டிவைத்தால், கார் யாரையாவது இடித்தால் இன்சூரன்ஸ் கம்பனி நட்டத்தைக் கொடுக்கும். ஆகையால் ஒன்றுக்கும் யோசிக்க இடமில்லை. துரையின் கந்தோரில் பெரிய கிளாக்கராக இருக்கும் அந்தோனிப்பிள்ளை, நம்முடைய ஐயாவோடு ஒன்றாகப் படித்தவர், மூன்றாம் நாளே தோடம்பழமும் கொண்டு வந்து பார்த்தார். எல்லாம் தான் கவனிப்பதாகச் சொன்னார்.

நான் பிளான் கீறுகிற கந்தோரிலும் வேலையை வைத்திருக்கிறார்கள். படுத்திருந்து சாப்பிட்டுக் கொழுக்கிறேன்.

உங்கள் அன்புத் தம்பி,
பசுபதி


வண்ணார்பண்ணை
26-3-1926

என் தம்பி பசுபதிக்கு,

உன் கடிதத்தை நின்றபடியே வாசித்தேன், முடிக்கும்போது உட்கார்ந்திருந்தேன். இங்கே எல்லாரும் இருக்கிறபடி இருக்கிறோம். பெரியவன் மூன்றாம் வகுப்பில் முதலாவது வந்தான். உன் காலுக்காக நல்லூரில் அருச்சனை செய்தேன். அது கடவுளின் பங்கு. மற்றப் பங்கைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அத்தான் சொல்கிறார்: ஆர் எந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தாலும் கையொப்பம் வையாதே. தோடம்பழம் கொண்டுவருகிறவர் கொண்டுவந்தால் இன்னும் கவனமாயிரு. எலும்பு பொருந்தி முடியுமுன் எவ்வளவு நட்டமென்று உனக்கே தெரியாது. தெரியாத நட்டத்துக்கு விலை பேசக்கூடாது என்கிறார். ஏற்கெனவே ஏதாவது காகிதம் வந்ததா? அதை முதலில் எழுது.

பிறகு, காரை ஓட்டியது ஆர்? "பின்னால் வந்த கார்" என்று எழுதியிருக்கிறாய். கார் தானாக வராது. கண்டவர்கள் ஆர்? மாட்டுவண்டிக்காரன் இருக்கிறானா? இன்சூரன்ஸ் பத்திரத்தில் என்ன நிபந்தனைகள் எழுதியிருக்கின்றன என்று துரையின் கந்தோரில் கேட்டாயா? இந்தச் சாதிப் பத்திரங்களில் முதற்பக்கத்தில் கொடுத்ததைக் கடைசிப் பக்கத்தில் எடுத்துவிடுவார்கள்.

நீ வழக்குப் பேசுகிற ஒரு பிரக்கிராசியின் மைத்துனன். அதை வீணாக்காதே.

சந்தியில் நின்று உன் தபாலைப் பார்த்திருக்கும்,
அக்கா மனோரஞ்சிதம்


சிங்கப்பூர்
11-4-1926

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் முன்னிலும் நலம். பெரியவனுக்கு ஒரு பேனை அனுப்புகிறேன்.

இங்கே இப்போது நல்ல மழை. மத்தியானம் மூன்று மணிக்கு மணியடித்தாற்போல் வருகிறது. ஆசுபத்திரி ஓட்டின்மேல் விழுகிற சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் பேசுவதும் கேளாது. வெயிலுக்கு இது நல்லதுதான்.

நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன். மாட்டுவண்டிக்காரன் ஒரு வடநாட்டான். பயந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டான், தேடியும் ஆள் அகப்படவில்லை. வேறு கண்டவர்கள் இல்லை. காரை மருதப்பன் என்கிற டிரைவர் ஓட்டினானாம். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். பொலிஸ் அவன்மேல் வழக்கு வைத்திருக்கிறது. தண்டம் கட்டினால் முடிந்துவிடும், அதையும் துரையே கட்டுவார் என்று பேச்சு. பத்திரத்தின் நிபந்தனைகளை அந்தோனிப்பிள்ளையர் பார்த்துக்கொள்கிறார்.

இன்சூரன்ஸ் கம்பனி அறுநூறு வெள்ளிவரை தரக்கூடுமாம். என் ஒரு வருடச் சம்பளத்துக்குக் கிட்ட. அத்தானிடம் சொல்லுங்கள், அவர் மைத்துனன் ஏமாளியல்ல.

அன்புடன்,
பசுபதி


வண்ணார்பண்ணை
27-4-1926

தம்பி பசுபதிக்கு,

நாங்கள் யாவரும் சுகம். நீ முன்னிலும் நலம் என்பது சந்தோஷம்.

"மருதப்பன் ஓட்டினானாம்" என்று எழுதியிருக்கிறாய். இடிபட்டவன் நீ. தெருவில் கிடந்தவன் நீ. சந்தையில் கேட்ட கதைபோல அந்த "ஆம்" எதற்கு? ஓட்டினான் என்றால் ஓட்டினான் என்று எழுது. தெரியாதென்றால் தெரியாது என்று எழுது. வேறொன்று தெரியுமென்றால் அதை எழுது.

காகிதம் வந்ததா என்ற என் முதலாவது கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் மழை பெய்திருக்கிறது.

அத்தானும் இதையே சொல்கிறார்.

அக்கா


சிங்கப்பூர், சிராங்கூன் சாலை
14-6-1926

அக்கா,

ஆசுபத்திரியிலிருந்து எங்கள் விடுதி வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்கள் கடிதம் ஐந்து கிழமையாக என் சட்டைப்பையில் இருக்கிறது. சுகம் விசாரித்து எழுத நாணமாயிருக்கிறது, ஆனாலும் எல்லாரும் சுகந்தானே?

கையொப்பம் வைத்துவிட்டேன். உங்கள் முதற்கடிதம் வருமுன்பே, விபத்து நடந்த மூன்றாம் நாளே. தோடம்பழப் பைக்குள் காகிதமும் இருந்தது.

காய்ச்சலில் வாசியாமல் வைத்தேன் என்று எழுதலாம். வாசித்தேன் அக்கா. இரண்டு தரம் வாசித்தேன். "என்னை இடித்த காரை டிரைவர் மருதப்பன் ஓட்டினான், நான் கண்டேன்" என்று இங்கிலீசில் தெளிவாக இருந்தது. அந்தோனிப்பிள்ளையர் கட்டிலோரத்தில் இருந்து மெதுவாகக் கதைத்தார்.

"தம்பி, ஆரோ ஒருத்தர் ஓட்டினதுதானே? டிரைவர் ஓட்டினதென்றால் இன்சூரன்ஸ்காரன் காசு தருவான். துரை ஓட்டினதென்றால் ஒரு சதமும் வராது. உமக்கு இதில் என்ன நட்டம்?"

"டிரைவருக்கு?" என்று கேட்டேன்.

"அவனுக்கு இருபத்தைந்து வெள்ளி தண்டம். அதுவும் துரை கட்டுவார். அவனே சம்மதிச்சிட்டான், நீர் ஏன் பாரம் சுமக்கிறீர்?"

செலவுக்கென்று நூறு வெள்ளியும் தந்தார். வாங்கினேன்.

ஓட்டியது துரை. இடிபட்டு இடப்பக்கமாய் விழுந்து கன்னம் தெருவில் பதிய, வந்த பக்கத்தைப் பார்த்தபடி கிடந்தேன். கார் எனக்குப் பின்னால் நாலு பாகம், இருபது அடிக்குமேல், தள்ளி நின்றது. ஒருவருடைய முகமும் தெரியவில்லை, கால்கள்தான் தெரிந்தன. காரின் இடப்பக்கத்தால் வெறுங்கால் இரண்டு குதித்து என்னை நோக்கி ஓடி வந்தன. அதற்குப் பிறகுதான் கைப்பிரேக்கு இழுபடும் சத்தம் கேட்டது. அதற்கும் பிறகு வலப்பக்க மிதிபலகையில் வெள்ளையும் மண்ணிறமுமான சப்பாத்து ஒன்று இறங்கியது. காரின் ஸ்டியரிங் வலப்பக்கத்தில்தானே. ஓடி வந்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்தவன் மருதப்பன். "ஒண்ணுமில்லண்ணே, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

போன மாதம் முப்பத்தோராம் தேதி வழக்கு எடுபட்டது. எலும்பு முறிந்திருப்பதால் இது வெறும் தண்டத்தோடு போகிற காரியமல்ல, ஆறு மாதம் சிறையில் மறியலும் கிடைக்கலாம் என்று நீதவான் சொன்னாராம். காயப்பட்டவனை விசாரிக்க ஜூலை பத்தொன்பதாம் தேதிக்குத் தள்ளிவைத்தார். வழக்கு எடுபட்ட இரண்டாம் நாள் மருதப்பனின் பெண்சாதி மங்களம் இங்கே வந்தாள். வாசலுக்கு உள்ளே வராமலே கேட்டாள்.

"அண்ணே, அவரு ஓட்டலைங்கிறாரு. கோர்ட்டுல சொல்லத்தான் பயப்படறாரு. துரை வேலைய விட்டுத் தூக்கிருவாரு, சாட்சியும் இல்லைங்கிறாரு. நீங்க பாத்தீங்களா?"

"பின்னால் வந்த காரை நான் எப்படிப் பார்க்கிறது?" என்றேன்.

"சரிங்கண்ணே" என்றாள். என் கட்டிலருகே கூஜா வெறுமையாய் இருந்ததைக் கண்டு, உள்ளே வந்து எடுத்துப்போய்த் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுப் போனாள்.

கால் நேரானது, ஆனால் ஒன்றேகால் அங்குலம் கட்டையாகிவிட்டது. இதையும் எழுதவில்லை நான்.

அத்தானிடம் கேட்டு எழுதுங்கள். அவர் ஏசினாலும் பரவாயில்லை.

பசுபதி


வண்ணார்பண்ணை
26-6-1926

என் தம்பிக்கு,

உன் கடிதம் இன்று பத்து மணிக்கு வந்தது. பதினொன்றுக்கு எழுத இருந்துவிட்டேன். பிந்திய தபாலைத் தவறவிட்டால் பத்தொன்பதாம் தேதிக்குமுன் சேராது.

ஏச மாட்டேன். நீ உண்மையை எழுதினபடியால் நானும் ஒன்று எழுத வேண்டும். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை, பசுபதி. அவரால் சொல்ல முடியாது. போன ஐப்பசியில் வழக்குக் கோட்டிலிருந்து வந்து சால்வையைக் கழற்றும்போது விழுந்தார். பாரிசவாதம். வலக்கையும் வலக்காலும் பேச்சும் போய்விட்டன. நினைவு இருக்கிறது, நாங்கள் கதைப்பது விளங்குகிறது. உனக்கு எழுதினால் வேலையை எறிந்துவிட்டுக் கப்பலேறுவாய் என்று எழுதவில்லை. பிறகு உன் விபத்துக் கடிதம் வந்தது. "அத்தான் சொல்கிறார்" என்றால் கேட்பாய், "அக்கா சொல்கிறாள்" என்றால் சிரித்துவிட்டு மடித்து வைப்பாய் என்று பயந்தேன். பதினாறு வருடம் அவருடைய காணி உறுதிகளையும் மனுக்களையும் பிரதிபண்ணிக் கொடுத்தவள் நான். அவர் எங்கே நிறுத்தி யோசிப்பார் என்று எனக்குத் தெரியும். இனி எழுதுகிறது என் புத்தி. தள்ளுவதானால் தெரிந்துகொண்டு தள்ளு.

நாளைக்கே ஒரு லாயரிடம் போ. அங்கத்தைச் சட்டம் இங்கத்தைச் சட்டம்போல் இராது, உள்ளூர்க்காரர் வேண்டும். அவரிடம் எனக்கு எழுதியதுபோல் எழுதிக் கொடு, கால்கள் வந்த ஒழுங்குமுறையோடு. அந்தப் பிரேக்குச் சத்தந்தான் உன் வழக்கு. நிலத்தில் ஓடிக்கொண்டிருப்பவன் காருக்குள் பிரேக்கு இழுக்க மாட்டான்.

நூறு வெள்ளியையும் திருப்பிக் கொடு. சாட்சி முன்னிலையில் கொடுத்து ரசீது வாங்கு. செலவாகிப்போயிருந்தால் கடன் வாங்கிக் கொடு.

காய்ச்சலில் கையொப்பம் வைத்தேன் என்று கோட்டில் சொல்லாதே. லாயர் சொல்லச் சொன்னாலும் சொல்லாதே. ஒரு பொய்யை எடுக்க இன்னொன்றை வைத்தால் மற்றப் பக்கத்து லாயர் அதைப் பிடித்துக்கொண்டு முழுதையும் உருவிவிடுவார்.

இன்னொன்றை யோசித்துப் பார். துரை ஓட்டினதென்றால் ஏன் ஒரு சதமும் வராது? காரும் அவருடையது, இன்சூரன்சும் அவருடையது. அவரிடம் ஓட்டுகிற லைசென்ஸ் இராது, அல்லது காலாவதியாகியிருக்கும். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினால் கம்பனி பொறுப்பல்ல என்று பத்திரத்தில் இருக்கும். லாயரைக் கொண்டு கோட்டில் அதைக் கேட்பி.

கடைசியாக, உன்னை வீரனாக்குவதற்காக நான் எதையும் மறைக்க விரும்பவில்லை. நீ உண்மை சொன்னால் இன்சூரன்ஸ் கம்பனி காசு தராது. தராமலிருக்க அவர்களுக்கு நியாயமும் உண்டு. பொய்க் காகிதத்தில் கையொப்பம் வைத்ததற்கு உன்மேலும் வழக்கு வரலாம். இவ்வளவும் தெரிந்துகொண்டு போ.

முதலில் மங்களத்திடம் போ. அதற்குப் பிறகு லாயர்.

அக்கா மனோரஞ்சிதம்


சிங்கப்பூர்
10-7-1926

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானை அப்படி நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒன்பது மாதம் தனியே வைத்துக்கொண்டு, எனக்குச் சட்டமும் எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் வகுப்பில் பெரியவன் முதலாவது வந்ததையும் எழுதினீர்கள். எப்படி அக்கா?

உங்கள் புத்தியைத் தள்ளவில்லை. சொன்ன ஒழுங்கிலேயே செய்தேன்.

மருதப்பன் குடும்பம் எருமைக் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு பலகை அறையில் இருக்கிறது. ஊன்றுகோலோடு போனேன். "நான் பார்த்தேன். கோட்டில் சொல்வேன்" என்றேன். மருதப்பன் எழுந்து நின்றான். மங்களம் என்னை நேராகப் பார்த்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே. ஒரு மாசமா இவரு சோறு எறங்காமக் கெடக்காரு."

அன்றைக்கே சொல்லியிருக்கத்தான் வேண்டும். அதையே சொன்னேன். பிறகுதான் இருக்கச் சொல்லிப் பாய் போட்டாள்.

லாயர் ஒரு சீனர், லிம் என்று பெயர், இளம் ஆள். நான் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு, "உம்மையும் பிடித்து வைக்கக்கூடும், தெரியுமா?" என்றார். "என் அக்கா முன்னமே எழுதிவிட்டா" என்றேன். "உமது அக்கா எந்தக் கோட்டில் வழக்காடுகிறார்?" என்று கேட்டார். மருதப்பனுக்காகவும் அவரே நிற்க ஒத்துக்கொண்டார்.

நூறு வெள்ளியை விடுதி நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் அந்தோனிப்பிள்ளையரிடம் கொடுத்தேன். அவர் தொடவில்லை.

"ஒரு கார் டிரைவருக்காக உம்முடைய காலை விற்கிறீரே" என்றார்.

"காலை அன்றைக்கே விற்றேன். இன்றைக்குத் திருப்பி வாங்குகிறேன்" என்றேன்.

"துரையும் உம்முடைய முதலாளியும் ஒரே கிளப்பில் இருக்கிறவர்கள். யோசித்துக்கொள்ளும்."

"ரசீது தாருங்கோ" என்றேன். எழுதிக் கொடுத்தார்.

அத்தானுக்கு நமஸ்காரம்.

பசுபதி


சிங்கப்பூர்
21-7-1926

அக்கா,

உங்கள் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். நான் சுகம். மறியலில் இல்லை, வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன்.

முந்தாநாள் முதலில் துரை கூண்டேறினார். டிரைவர் ஓட்டினான், தான் பக்கத்தில் இருந்ததாகச் சத்தியம் பண்ணினார். நல்ல குரல். அந்தக் குரலைக் கேட்டால் எனக்கே நம்பத் தோன்றியது. பிறகு என்னை அழைத்தார்கள். நான் தெருவை அளவுப்படி கீறிக் கொண்டுபோயிருந்தேன்: வண்டி நின்ற இடம், நான் கிடந்த இடம், கார் நின்ற இடம். எனக்குத் தெரிந்த தொழில் அதுதானே. நீதவான் அந்தப் பிளானை நிதானமாய்ப் பார்த்தார்.

துரைக்காக வந்திருந்த வெள்ளைக்கார லாயர் எழுந்தார்.

"பின்னாலிருந்து இடிபட்டீர். ஓட்டியவர் முகத்தைக் கண்டீரா?"

"இல்லை. கால்களைக் கண்டேன்."

சிலர் சிரித்தார்கள். நான் ஒழுங்காகச் சொன்னேன்: வெறுங்கால் ஓடியது, பிரேக்கு இழுபட்டது, பிறகு சப்பாத்து இறங்கியது. "வெறுங்காலைத்தான் முதலில் கண்டீர், சப்பாத்தைத்தான் பிறகு கண்டீர் என்று எப்படி நிச்சயம்?" என்றார். "வேறு வேலை இருக்கவில்லை, ஐயா. தலையைத் திருப்ப முடியாமல் கிடந்தேன்" என்றேன்.

அப்போது அந்தக் காகிதத்தை எடுத்தார்.

"இது உமது கையொப்பமா?"

"ஓம்."

"வாசித்துத்தான் வைத்தீரா?"

"இரண்டு தரம் வாசித்தேன்."

"அப்போது உமக்குக் காய்ச்சலென்று ஆசுபத்திரிப் புத்தகத்தில் இருக்கிறதே?"

எனக்கு வழி திறந்துவிடுகிறாரோ, குழி தோண்டுகிறாரோ, இன்றைக்கும் தெரியவில்லை. "காய்ச்சல் இருந்தது. ஆனால் எழுதியிருந்தது விளங்கியது. அது பொய் என்றும் விளங்கியது" என்றேன். நீதவான் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "உம்மைப் போலப் படித்தவர் ஒருவர் ஒரு ஏழை மனிதனை நாலு மாதம் இந்த நிலைமையில் விட்டீரே. வெட்கமில்லையா?" என்றார். "இருக்கிறது" என்றேன்.

லிம் லாயர் எழுந்து துரையைத் திரும்பக் கூண்டேற்றக் கேட்டார். ஒரே கேள்வி: "உமது லைசென்ஸைக் காட்டுவீரா?" துரை வீட்டில் இருக்கிறது என்றார். எப்போது புதுப்பித்தது என்று நீதவான் கேட்டார். துரை தமது லாயரைப் பார்த்தார். ஜனவரியிலேயே தீர்ந்துவிட்டது, அக்கா. நீங்கள் வண்ணார்பண்ணையில் இருந்து கண்டதை இங்கே ஒருவரும் காணவில்லை.

மருதப்பனை விடுதலை பண்ணினார். துரைமேல் வேறு வழக்கு எழுதச் சொன்னார். என்னைக் கண்டித்ததோடு விட்டார். வெளியே வந்ததும் மருதப்பன் என் ஊன்றுகோலை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு, தோளைக் கொடுத்தான். "நடங்கண்ணே, நான் இருக்கேன்" என்றான். ரிக்‌ஷாவரை அப்படியே போனோம்.

இன்று காலை கந்தோருக்குப் போனேன். என் மேசையில் இன்னொருவர் இருந்தார். சம்பளத்தை உறையில் போட்டு வைத்திருந்தார்கள்.

அதற்காகக் கவலைப்படவில்லை. நிச்சயமாகத்தான் எழுதுகிறேன்.

பசுபதி


வண்ணார்பண்ணை
4-8-1926

தம்பி பசுபதிக்கு,

சின்னவளுக்குக் கொப்பளிப்பான் அம்மை போட்டு ஆறிவிட்டது. மற்றவர்கள் சுகம்.

உன் கடிதத்தை அத்தானுக்கு உரக்க வாசித்தேன். லைசென்ஸ் வருகிற இடத்தில் இடக்கையால் கட்டிலைத் தட்டினார். திரும்ப வாசிக்கச் சொல்கிறார் என்று விளங்கி, திரும்ப வாசித்தேன். மூன்றாம் தரமும் வாசிக்கத் தட்டினார். அடுப்பில் சோறு கரிந்தது.

வேலை போனதற்கு நான் பொறுப்பு, ஆகையால் இதையும் சொல்கிறேன். துரைமேல் நட்டஈட்டு வழக்கு உடனே வை. கம்பனிமேல் அல்ல, ஆள்மேல். பெரிய மனிதர்கள் அவமானப்பட்டால் ஊரைவிட்டுப் போவார்கள். கப்பல் டிக்கட் எடுக்குமுன் அவருடைய காரைக் கோட்டு மூலம் மறித்துவைக்க முடியுமா என்று லிம் லாயரிடம் கேள்.

உன் கால் எப்படி?

அக்கா


சிங்கப்பூர்
18-11-1926

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

தீபாவளியை நண்பர்களோடு கழித்தேன். எல்லாரும் சுகம். மூன்று மாதமாக எழுதாததற்குக் காரணம் சோம்பலல்ல, ஓட்டம்.

துரை செப்டம்பரில் கப்பலேறிவிட்டார். தன் வழக்கின் தண்டத்தைக் கட்டிவிட்டுப் போனார். காரைக் கொண்டுபோக முடியவில்லை. உங்கள் கடிதம் கிடைத்த கிழமையே லிம் லாயர் அதை மறித்துவிட்டார். போன மாதம் தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது, காரை ஏலம் போட்டார்கள். ஆசுபத்திரிச் செலவும் லாயர் செலவும் போய், சைக்கிள் திருத்தவும் கொஞ்சம் கையிலிருக்கவும் வந்தது. அறுநூறு வெள்ளியில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை. நீங்கள் சொன்னபடியே இன்சூரன்ஸ் கம்பனி ஒரு சதமும் தரவில்லை.

ஆனால் வேலை வந்தது. நான் கீறிய பிளானை அந்த வெள்ளைக்கார லாயர் மறக்கவில்லை. செப்டம்பரில் ஆளனுப்பினார். பாசிர் பாஞ்சாங் சாலையில் ஒரு லாரியும் காரும் மோதிய இடத்தை அளந்து கீறித் தர முடியுமா என்று கேட்டார். கீறிக் கொடுத்தேன். இப்போது மூன்று லாயர்கள் அழைக்கிறார்கள். சாலையில் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்கிறவன் மருதப்பன். மற்ற நாட்களில் வாடகைக் கார் ஓட்டுகிறான். மங்களம் என்னோடு பேசுவது இன்னும் அளவாகத்தான். மீன்குழம்பு மட்டும் கொடுத்தனுப்புகிறாள்.

போன ஞாயிறு அந்தோனிப்பிள்ளையர் விடுதிக்கு வந்தார். நாற்காலி நுனியில் இருந்தார். "தம்பி, நான் அந்தக் காகிதத்தை எழுதினது துரை சொல்லித்தான். எனக்கும் ஐந்து பிள்ளைகள்" என்றார். கோபிக்க நினைத்தேன். ஆனால் நானும் அதில் கையொப்பம் வைத்தவன்தானே. தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்து போனார்.

தையில் ஒரு மாதம் ஊருக்கு வர நினைக்கிறேன். அத்தானைப் பார்க்க வேண்டும். உங்களையும்.

பசுபதி


வண்ணார்பண்ணை
2-12-1926

என் தம்பி பசுபதிக்கு,

தையில் வருகிறாய் என்று வாசித்ததிலிருந்து வீட்டில் ஒருவரும் ஓரிடத்தில் இருக்கவில்லை. அத்தானுக்கு இப்போது இரண்டு மூன்று சொல் வருகிறது. "தண்ணி" சொல்கிறார். "வேண்டாம்" நன்றாகச் சொல்கிறார். உன் பெயர் இன்னும் வரவில்லை. நீ வருமுன் வரப்பண்ணுவேன்.

போன கிழமை ஒரு கலியாண வீட்டில் இன்னொரு பிரக்கிராசியின் பெண்சாதி எல்லாருக்கும் கேட்கக் கேட்டாள்: "உம்முடைய தம்பிக்கு அந்த வழக்கில் என்ன கிடைத்தது?" ஆறு மாதம் என்றேன். வாயைப் பொத்திக்கொண்டாள், மறியல் என்று நினைத்து. "இல்லையணை, இன்னொருத்தன் மறியலில் இருக்கவேண்டிய ஆறு மாதம். அவன் வீட்டில் இருந்து சோறு தின்கிறான்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. நான் விளக்கவுமில்லை, பந்தி போட்டுவிட்டார்கள்.

கப்பல் கொழும்பில் சேரும் தேதியை எழுது. யாழ்ப்பாணம் ஸ்டேசனுக்கு ஆளனுப்ப மாட்டேன், நானே வருவேன். ஸ்டேசனிலிருந்து வீடு ஒரு மைல். நடந்து வருவதா, மாட்டுவண்டி பிடிப்பதா என்று நான் முன்னமே தீர்மானிக்க வேண்டும். ஆகையால் இப்போது எவ்வளவு தூரம் நடக்கிறாய், எந்த இடத்தில் வலிக்கிறது என்று, கூட்டாமல் குறைக்காமல் எழுது.

வண்டியென்றால் வண்டி. அதில் ஒரு வெட்கமும் இல்லை.

வழிபார்த்திருக்கும்,
அக்கா